குதிரை ஏறாதவர் ஊரில்...

ஈ.சி.ஆர். பஸ் மரக்காணம் தாண்டுவதற்குள் என் பையன் முப்பத்தொன்பதில் நின்றுவிட்டான். ஐந்தரை வயது. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில், ஒண்ணாங்கிளாஸுக்கு அவனுக்கு 'இன்டராக்ஷன்'. (இன்டர்வியூ என்றால் 2009 சட்டப்படி தப்பு, இன்டராக்ஷன் என்றால் புண்ணியம்!) "பாண்டிச்சேரி போற வழியிலேயே நூறு வரைக்கும் சொல்ல வெச்சுடுங்க" - இது வீட்டில் உத்தரவு.

பாண்டிச்சேரியில் சாம்பல் நிறச் சுவரும் வெள்ளை பார்டருமாக ஒரு கட்டடம் தெரிந்தால், அநேகமாக அது அரவிந்தர் ஆசிரமத்துடையது. அவர்களுடைய பள்ளிக்கூடம் 1943-ல் அன்னை ஆரம்பித்தது. கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில். படித்து முடித்தால் பட்டம், டிப்ளமோ எதுவும் கிடையாது. பி.காம். சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அடியேனுக்கு லேசாகத் தலை சுற்றியது.

'ஃப்ரீ ப்ராக்ரஸ்' என்று பெயர். மேல் வகுப்புக்குப் போகப் போக, எதைப் படிப்பது, எந்த வேகத்தில் படிப்பது என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்குத்தான் மரியாதை. வாத்தியார் துணைக்கு நிற்கிற ஆள். ஊட்டிவிடுகிற ஆள் இல்லை. இதற்கெல்லாம் விதை, 1910 வாக்கில் அரவிந்தர் எழுதிய கட்டுரைகள். அப்பா அம்மா நினைத்த வடிவத்துக்குப் பிள்ளையைத் தட்டிக் கொட்டுவது காட்டுமிராண்டித்தனம் என்கிற அளவுக்குப் போகிறார் மனுஷர்.

பரீட்சைக்குப் பயந்தவர் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு வயதிலேயே அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார் அப்பா. பிள்ளை ஐ.சி.எஸ். ஆக வேண்டும்! 1890-ல் நுழைவுப் பரீட்சையில் பதினோராவது இடம். கடைசியில் குதிரையேற்றம் ஒன்றுதான் பாக்கி. ஆசாமி அந்தப் பரீட்சைக்குப் போகவே இல்லை. வேலை போச்சு!

என் அப்பாவும் "காமர்ஸ் எடுடா, பேங்க் வேலை நிச்சயம்" என்றார். எனக்குக் குதிரையும் இல்லை, தைரியமும் இல்லை. எழுதினேன், பாஸ் பண்ணினேன். பேங்க் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரமத்தின் நிழலில் இது நடக்கிறது. மாச வாடகைக்காரன் பிள்ளை, மார்க் ஷீட் இல்லாமல் எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பான்? பீச் ரோடு முழுக்க யோசித்தும் எனக்கு பதில் கிடைக்கவில்லை. அதற்காக நம் வீட்டில் நடப்பது சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம்! கருங்கல் பாறைகளுக்கு நடுவே குந்தியிருந்தான். நண்டு எண்ணுகிறான். "...முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்திரெண்டு..."

"டேய், நாப்பத்தொண்ணு எங்கேடா?"

"அது உள்ள போயிடுச்சுப்பா. சத்தம் போடாதே, வரும்."