நான் கட்டிய கிராஸ்ஓவர்

பாவூர்சத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என் ஸ்பீக்கர் பெட்டிகள் பிறந்தன. முதல் ட்வீட்டர் ஒரே ராத்திரியில் கருகிப் போச்சு. கப்பாசிட்டர் வைக்காமல் நேரே இணைத்தால் கருகாமல் என்ன செய்யும்! காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி அப்பா கொடுத்த காசு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அடுத்த தடவை கணக்கோடு உட்கார்ந்தேன். 8 ஓம், 3000 ஹெர்ட்ஸ். வூஃபருக்கு 0.42 மில்லி ஹென்றி காயில், ட்வீட்டருக்கு 6.6 மைக்ரோ ஃபாரட். தென்காசிக் கடைக்காரர், "அந்த அளவு கண்டென்சர் இல்ல தம்பி, 10 இருக்கு" என்றார். இரண்டு 10 மைக்ரோவை நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்தால் 5. ட்வீட்டர் 4000 ஹெர்ட்ஸில் தொடங்கும், தொடங்கட்டும்.

கணக்கு சரி, சத்தம்தான் சரியில்லை. ரேடியோ செய்தி வாசித்தால் குரல் காதைக் கீறியது. நண்பர்களே, வூஃபர் முதுகில் எழுதியிருக்கும் 8 ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் 8 இல்லை! வாய்ஸ் காயிலுக்கும் இண்டக்டன்ஸ் உண்டு. அதிர்வெண் ஏற ஏற இம்பிடன்ஸும் ஏறும். அதனால் நான் சுற்றிய காயில் பாதி வேலைகூடச் செய்யவில்லை. வூஃபர், ட்வீட்டர் இரண்டும் சேர்ந்து கத்தின. இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இரண்டு 22 மைக்ரோவை முன்போலவே சேர்த்து, 8 ஓம் ரெசிஸ்டரோடு சீரிஸில் வைத்து, வூஃபருக்குக் குறுக்கே போட்டேன். ஸோபெல் நெட்வொர்க் என்று பெயர். கீறல் அடங்கியது.

மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுலே" என்றார்.