இருந்தால்

விடுமுறையில் மதுக்கரை சென்றிருந்தபோது, தங்கைக்கு ஆங்கில இலக்கணம் பயிற்றினேன். ஒப்புமைப் பாடம் எளிதில் முடிந்தது. ஆங்கிலத்தார் பண்புச்சொற்கள் பலவற்றின் ஈற்றில் விகுதி சேர்த்து மிகுதி காட்டுவர். நாமோ, ‘மலையினும் பெரிது’ என்று வேற்றுமையுருபினாலேயே அமைப்போம். திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கியுள்ளார்.

அடுத்தது நிபந்தனை வாக்கியம். ‘அப்பா இருந்தால் என்னைக் கல்லூரிக்கு அனுப்புவார்’ என்றெழுதி, ஆங்கிலமாக்கித் தரும்படி கேட்டாள். இருத்தல் கூடுமாயின் ‘இஸ்’. இல்லையென்பது துணிபாயின் ‘வேர்’. தமிழின் ‘இருந்தால்’ இரண்டிற்கும் இடந்தரும். நான் ‘வேர்’ என்றெழுதிக் காரணமும் கூறினேன். அவள் அழுதுவிட்டாள். தந்தையார் மறைந்து ஓராண்டாகியும், எங்கள் வீட்டில் ஒருவரும் அதை அவ்வளவு தெளிவாய்ச் சொன்னதில்லை.

அதன் கீழே, ‘நான் அனுப்புவேன்’ என்று நிபந்தனையின்றி எழுதிக் கொடுத்தேன்.

விருப்பம் தெரிவிக்கும் பாடத்திற்கு அன்று புத்தகம் வேண்டியிருக்கவில்லை. நம் இலக்கணத்தில் வியங்கோள் உண்டன்றோ? ‘கர்த்தர் துணைசெய்வாராக’ என்றார்கள் அம்மா.