ஏழாவது புள்ளி

திருவனந்தபுரம் பாப்பனங்கோடு தொழிற்பேட்டையில் அந்தச் சின்னப் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது, ஒரு சி.என்.சி. மெஷின் நின்றிருந்தது. மெஷினில் பழுதில்லை, கரண்டும் இருந்தது. ஓட்டுகிறவரே நிறுத்தியிருந்தார். குழித்துறையிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவர். மலையாளப் பிள்ளைகளுக்கும் அவர் 'அண்ணாச்சி'தான்.

அதில் கடைவது வண்டிக்குப் போகும் எஃகு புஷ். உள்துளை 20 மில்லிமீட்டர். டிராயிங் அனுமதிப்பது 20.000 முதல் 20.021 வரை, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத இடைவெளி. அரைமணிக்கு ஒருமுறை ஐந்து பீஸ் எடுத்து, துளை அளக்கும் போர் கேஜில் அளந்து, சராசரியைச் சார்ட்டில் புள்ளியாக வைக்கிறார். கடைசி ஐந்தில் மிகச் சிறியது 20.003. எல்லைக்குள்தான்.

"பிறகு ஏன் நிறுத்தினீங்க?"

"எல்லாம் நல்ல பீஸ்தான் சார். ஆனா ஏழு புள்ளியும் நடுக்கோட்டுக்குக் கீழேயே நிக்கு, பாத்தீங்களா?"

துளையைக் கடையும் வெட்டுமுனையான இன்சர்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முனையில் மணல் அளவுக்கு ஒரு மினுமினுப்பு. முனை தேய்ந்தால் துளை சுருங்கும். இன்னும் ஒரு பீஸ்கூடக் கெடவில்லை. கெடப்போவதைச் சார்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இந்தச் சார்ட்டை 1924இல் அமெரிக்கத் தொலைபேசித் தொழிலில் வால்டர் ஷூவார்ட் வகுத்தார். 1994இல் ஃபோர்டு, கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றும் சேர்ந்து சப்ளையர்களுக்காக க்யூ.எஸ். 9000 என்ற தர விதிமுறையைக் கொண்டுவந்தன. 1999இல் ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 16949 வந்தது, 2016 அக்டோபரில் ஐ.ஏ.டி.எஃப். 16949. புதுப் பாகத்துக்கு ஒப்புதல் கேட்கும் 'பிபேப்' முறையில், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பீஸ் ஓட்டிக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் என்ன தவறும், அது எவ்வளவு ஆபத்து என்று முன்னாலேயே எழுதிவைப்பது எஃப்.எம்.இ.ஏ. ஒரு பீரோ நிறைய ஃபைல் சேர்ந்துவிடும்.

அத்தனையிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரே ஒரு விதி. தரத்துக்குப் பொறுப்பானவருக்கு உற்பத்தியையும் அனுப்புதலையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது அது. பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் இந்த அதிகாரத்தை யார் எடுப்பார்கள்? நிறுத்திய நிமிடமெல்லாம் அவர் வீட்டு அரிசியில் அல்லவா குறையும்! இங்கே மாதச் சம்பளம். அண்ணாச்சியின் கை தயங்காமல் சிவப்புப் பொத்தானுக்குப் போவதற்கு அதுதான் அடிப்படை.

முன்பு வேலை பார்த்த வேறொரு பட்டறையை நினைவுகூர்ந்தார். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, ஒரு மாதச் சார்ட்டை ஒரே பேனாவில் நிரப்புவார்களாம். "புள்ளியெல்லாம் கோலம் மாதிரி அழகா இருக்கும் சார்." சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பாகங்கள் பூட்டிய வண்டியிலும் குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.

வாகனத் தொழிலுக்கு இந்த ஊரும் அந்நியமல்ல. நெய்யாற்றின்கரை அருகே ஆறாலுமூட்டில் 1978இல் தொடங்கிய கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ், மூன்று சக்கர வண்டிகள் செய்கிறது. 'நீம் ஜி' மின்சார ஆட்டோ அங்கே பிறந்ததுதான். தமிழ்நாட்டில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பியது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. பெரிய ஆலைகளின் பெயர் வெளியே தெரிகிறது. அவற்றுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து தரும் சிறு பட்டறைகள் தெரிவதில்லை.

புது இன்சர்ட் ஏறியது. முதல் பீஸ் 20.011. அதோடு அண்ணாச்சி விடவில்லை. கடைசி அரைமணியில் வந்த பீஸ்களை மஞ்சள் தட்டில் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி அளக்கச் சொன்னார். பாறசாலையிலிருந்து வரும் அப்ரண்டிஸ் பெண் அளந்து முடித்து, ரிஜிஸ்டரைத் திறந்தாள்.

"என்ன எழுதணும் அண்ணாச்சி?"

"நடந்ததை எழுது மக்களே."

இன்சர்ட் தேய்வு, 22 நிமிடம் நிறுத்தம் என்று மலையாளத்தில் எழுதினாள். அண்ணாச்சி பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.