6,800 ரூபா ஹெட்செட், பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா

பட்ஜெட் கேமிங் ஹெட்செட் ரிவியூ வீடியோ எல்லாரும் பார்த்திருப்போம். பின்னாடி நீல லைட் எரியும், சுவர்ல பஞ்சு ஒட்டியிருக்கும், கதவு சாத்தியிருக்கும். பேசுறவர் மைக்கை வாய்கிட்ட இழுத்து, "இப்ப நீங்க கேட்கிறது இந்த ஹெட்செட்டோட மைக்" என்பார். அந்த அறையில அவர் குரலைத் தவிர வேற சத்தமே கிடையாது. அவர் போடுற மார்க் எல்லாம் அந்த அறைக்குச் சரி. நாங்க இருக்கிறது டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல. அதனால இந்த ரிவியூவை வேற மாதிரித்தான் எழுத முடியும்.

2025 ஜனவரியில நாலு பேரும் காசு போட்டு ஹட்டன்ல வாங்கினோம். வயர் வச்சது, 3.5 மில்லிமீட்டர் பின், மேல கீழ மடக்கிற மைக், ரெண்டு பக்கமும் லைட். 6,800 ரூபா. கம்பனிப் பேர் எழுதப்போறதில்லை. இந்த விலைக்குக் கடையில அடுக்கி வச்சிருக்கிறதுல பாதிக்கு, எங்க கண்ணுக்கு, பெட்டி மட்டும்தான் வித்தியாசம்.

விலையை டொலர்ல சொல்றதைவிட 'பேர்' கணக்குல சொன்னா எங்க பக்கம் சட்டுனு விளங்கும். 2024 செப்டம்பர்ல தோட்டத் தொழிலாளரோட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆச்சு. அதுல ஈபிஎஃப் 8 வீதம் கழிச்சா 1,242. அப்போ இந்த ஹெட்செட் ஐந்தரைப் பேர். கொழுந்து குறைஞ்ச மாசத்துல அரைப்பேர் விழுற நாளையும் சேர்த்தா ஒரு கிழமைக்கு மேல போகும். எங்க நாலு பேர்ல ரெண்டு பேரோட பங்கு கொழும்புல லீவுக்குக் கடையில நின்ன காசு, ஒருத்தியோடது டியூஷன் சொல்லிக்குடுத்த காசு, ஒருத்தனுக்கு அவன் அம்மா குடுத்தது. 'சும்மா வாங்கிப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெட்டியில எழுதியிருக்கிறதை முதல்ல முடிச்சிடுவோம். '7.1 சரவுண்ட்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. 3.5 பின்ல இருக்கிறது நாலு வளையம்: இடது, வலது, கிரவுண்ட், மைக். போறது ரெண்டு பக்கச் சத்தம் மட்டும்தான், காதுக்கு ஒரு டிரைவர்தான். 7.1 வேணும்னா கம்ப்யூட்டர்ல ஒரு மென்பொருளோ, யூஎஸ்பி துண்டுக்குள்ள இருக்கிற ஒரு சிப்போ கணக்குப் போட்டு அந்த மாயையை உண்டாக்கணும். போன்ல செருகி பப்ஜி விளையாடுறவருக்கு அந்த எழுத்து வெறும் அலங்காரம். '50 மில்லிமீட்டர் டிரைவர்' என்பதும் அப்படித்தான். பெரிய டிரைவர்னா நல்ல சத்தம்னு அர்த்தமில்லை. '20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 வரை' என்பது மனுசக் காதோட எல்லை, எல்லாப் பெட்டியிலயும் அதைத்தான் அச்சடிக்கிறாங்க.

லைட் எரிய யூஎஸ்பி மின்சாரம் வேணும். எங்களுக்கு அது எரியவே இல்லை. நல்லதாப் போச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு இருட்டுல தலைக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு லைட்டோட ஒரு உருவம் உட்கார்ந்திருந்தா, ரோதமுனி இறங்கி வந்துட்டார்னு பாட்டி கற்பூரம் கொளுத்தியிருக்கும்.

விளையாட்டுச் சத்தம் எப்படி? பாஸ் அதிகம். குண்டு வெடிச்சா நெஞ்சு வரைக்கும் அதிரும், ஆனா அந்த அதிர்வுக்குக் கீழ எதிராளியோட காலடிச் சத்தம் அமுங்கிப்போகுது. ஈக்வலைசர்ல கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினதும் காலடி வெளியே வந்துச்சு. இடது வலது தெளிவு. முன்னாடியா பின்னாடியானு கேட்டா தடுமாறும், இந்த விலைக்கு அதைக் கோபிக்க முடியாது. எங்க பக்கம் தோற்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஹெட்செட் இல்லை, மலை மறைக்கிற சிக்னல்.

வயர் வேணுமா, புளூடூத் வேணுமானு எங்களுக்குள்ளயே ஒரு சண்டை வந்துச்சு. வயர் ஜெயிச்சதுக்கு ரெண்டு காரணம். சாதாரண புளூடூத்துல சத்தம் 150, 200 மில்லிசெக்கன் பிந்தி வரும், சுட்டது கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான் காதுக்குக் கேட்கும். மைக்கையும் சேர்த்துப் பாவிச்சா அது டெலிபோன் அழைப்பு முறைக்கு மாறி, கேட்கிற சத்தத்தோட தரமும் விழுந்துடும். ரெண்டாவது, கரண்ட். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது யாருக்கும் மறக்கல. நாங்க ஹெட்செட் வாங்கி ஒரு மாசம் ஆகல, பெப்ரவரி 9 அன்னைக்குப் பாணந்துறை உப மின்நிலையத்துல ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருட்டாச்சு. போன்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும் வயர் ஹெட்செட் வேலை செய்யும்.

இனி மைக். நாங்க அதிக நாள் செலவழிச்சது இதோடதான்.

எங்க காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகல. மேல தகரம். ஒரு வீட்டுல தாளிச்சா நாலு வீட்டுல தும்முவாங்க, ஒரு வீட்டு நாடகத்தை எட்டு வீடு கேட்கும். மே தொடங்கினா தென்மேற்குப் பருவமழை. தகரத்துல மழை விழுற சத்தத்துக்குள்ள பக்கத்துல இருக்கிறவர்கிட்டயே கத்தித்தான் பேசணும். இந்த இடத்துலதான் ஆன்லைன் கிளாஸ், இந்த இடத்துலதான் இன்டர்வியூ, இந்த இடத்துலதான் கேம். 2020ல ஸ்கூல் மூடினப்போ பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினதைப் பத்தி நிறைய எழுதினாங்க. சிக்னல் கிடைச்ச பிறகு எங்க உட்கார்ந்து பேசினாங்கனு யாரும் பெருசா கேட்கல.

ஒரே பந்தியை நாலு விதமா வாசிச்சுப் பதிவு பண்ணினோம்: அமைதியான விடியக்காலை, பக்கத்து வீட்டு டீவி, மழை, கடைசியா ராத்திரி கிசுகிசுத்த குரல். டீவியை மைக் ஓரளவு தள்ளிவிட்டது. மழையில முதல் பதிவு படுமோசம், சட்டியில பப்படம் பொரிக்கிற மாதிரி. பிறகு மைக்கை வாயோட ஓரத்துக்கு ரெண்டு விரல் தூரத்துல வச்சுப் பார்த்தோம். தூரம் பாதியானா குரல் 6 டெசிபல் கூடும், மழையோ இருந்த இடத்துலயே இருக்கும். எந்த ஆப்பும் இல்லாம பெரிய மாற்றம் வந்தது அதுலதான். மூச்சுக்காத்து அடிக்காம இருக்க, பாத்திரம் கழுவுற புது ஸ்பொஞ்சுல ஒரு துண்டு வெட்டி மாட்டினோம். டிஸ்கோர்ட்ல இருக்கிற சத்தம் குறைக்கிற வசதியையும் போட்டா மழை கிட்டத்தட்டக் காணாமப் போகுது, ஆனா பழைய போன் சூடேறுது, சொல்லோட வாலும் சில நேரம் வெட்டுப்படுது.

கிசுகிசுப்பு டெஸ்ட்டை எந்த ரிவியூவிலயும் நாங்க பார்க்கல. அதைக் கேட்டது எங்க கூட்டத்துப் பொண்ணுங்க ரெண்டு பேரும். பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, "மச்சான், பின்னாடி வர்றான்டா"னு கத்தினா லயத்துல திட்டுவாங்க, அவ்வளவுதான். ஒரு பொண்ணு அதே நேரத்துல மைக்கில பேசினா, காலையில பீலிக்கரையில கதை வேற மாதிரி ஓடும். அவ விளையாடுறாளா, ஏஎல் கேள்வித்தாள் பத்தி டீச்சர்கிட்ட கேட்கிறாளானு யாரும் விசாரிக்கிறதில்லை. "யாரோட பேசின?" மட்டும்தான். அதனால தாழ்ந்த குரல் எவ்வளவு சுத்தமா அடுத்த முனைக்குப் போகுது என்பதுதான் அவங்களுக்கு முதல் மார்க். இந்த ஹெட்செட் அதுல தேறுச்சு. வாய்கிட்ட வச்சுக் கிசுகிசுத்தா, நுவரெலியாவுல இருந்து கேட்ட சிநேகிதிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குச்சு. ரெண்டடி தள்ளிப் படுத்திருந்த அக்காவுக்கு விளங்கல.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. காதை முழுசா மூடுறதால நம்ம குரல் நமக்கே கேட்காது. கேட்கலனா தானாகவே குரலை உயர்த்துவோம், கிசுகிசுப்பு அஞ்சு நிமிசத்துல பேச்சாகிடும். விலை கூடின சிலதுல நம்ம குரலைக் கொஞ்சம் நம்ம காதுக்கே திருப்பி அனுப்புற வசதி இருக்கு. இதுல இல்லை. நாங்க கண்டுபிடிச்ச வழி: ஒரு காதுக் கிண்ணத்தைப் பாதி பின்னாடி தள்ளி வைக்கிறது. அப்படி வச்சா அம்மா கூப்பிடுறதும் கேட்கும். அதைப் பாக்கியம்னு சொல்றதா, தொல்லைனு சொல்றதானு நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம்.

எங்கள்ல ஒருத்தி கொழும்புல ஒரு கால் சென்டருக்குப் போன்ல இன்டர்வியூ குடுத்தா. ஹெட்செட் வாங்குறதுக்கு முன்னாடி. பாதியில, "நீங்க சந்தையிலயா நிக்கிறீங்க?"னு கேட்டாங்க. அன்னைக்கு சந்தையும் இல்லை ஒண்ணும் இல்லை, சேவலும் பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான். மார்ச்ல இன்னொரு இடத்துக்கு இதை மாட்டிக்கிட்டுப் பேசினா. அந்தக் கேள்வி வரல. வேலை கிடைச்சதுக்கு அவ இங்கிலீஷ்தான் காரணம், ஹெட்செட்டுக்கு அந்தப் பேரைக் குடுக்க மாட்டோம். ஆனா அன்னைக்கு அவ தன் வீட்டைப் பத்தி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல.

பாரத்தைக் கடைத் தராசுல வச்சோம்: 310 கிராம். கொஞ்சம் கனம்தான். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 275 கிராம், ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 எக்ஸ் 240. ஒரு மணித்தியாலம் தாண்டினா உச்சந்தலை வலிக்கும், கண்ணாடி போடுறவருக்குக் காதுக்கு மேலயும் வலிக்கும். மற்ற ஊர்க்காரங்க காது வேர்க்குதுனு குறை சொல்லுவாங்க. எங்களுக்கு ஜனவரிக் குளிர்ல அது மப்ளர். ஈரமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து போலித் தோலை அஞ்சாம் மாசமே உரிக்கத் தொடங்கிட்டு, கறுப்புச் செதில் செதிலா கன்னத்துல ஒட்டும். நாலு தலை மாறி மாறிப் போடுற சாமானுக்கு இது நியாயமான ஆயுசுதான். இப்ப பழைய பனியன் துணியில உறை தைச்சுப் போட்டிருக்கோம், கிழமைக்கு ஒரு தடவை துவைக்கலாம்.

மழை நாள்ல ஒரு விசயம் கவனிங்க. தகரச் சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டிக்கிட்டே போவோம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல்னா கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 ஆனா 4 மணித்தியாலம்தான். மழை விட்டதும் குறைக்க மறந்துடாதீங்க.

வாங்கப் போறவங்களுக்கு: கடையிலயே போனைச் செருகி, வொய்ஸ் ரெக்கோடர்ல பேசி, திருப்பிக் கேட்டுட்டு வாங்குங்க. ஹட்டன் ரோட்டுல பஸ் ஹோர்ன் அடிக்கிற நேரம் பார்த்துப் பேசுங்க, அதைவிட நல்ல டெஸ்ட் கிடைக்காது. போன்ல 3.5 ஓட்டை இல்லைனா டைப்-சி மாத்தியும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் பண்ணணும். மலிவு மாத்தி சிலதுல சிப் இருக்காது, சில போன் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. கேபிள் கிண்ணத்துக்குள்ள போற இடத்துல ரப்பர் காலர் இருக்கானு பாருங்க. எங்களோடதுல முதல்ல ஆட்டம் கண்டது அந்த இடம்தான், சைக்கிள் டியூப் துண்டைச் சுத்திக் கட்டியிருக்கோம். எட்டாவது மாசம் நடக்குது, ரெண்டு பக்கமும் கேட்குது. இந்தக் கிழமை அது ஏஎல் எழுதுற தங்கச்சிகிட்ட இருக்கு, பரீட்சை முடியுற வரைக்கும் பப்ஜிக்குத் தர மாட்டாளாம்.