கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம்

கும்பகோணம்
23-12-2020

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் போனில் பேசும்போது, "இந்த வருஷம் ஒரு பயணக் கடிதம்கூட வரலையேடா" என்று குறைப்பட்டுக்கொண்டாய். காசியிலிருந்து எழுதினேன், ஹம்பியிலிருந்து எழுதினேன், பாதாமி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகூட எழுதினேன். இந்த வருஷம் போன தூரத்தைக் கணக்குப் பார்த்தால் எழுத ஒன்றுமில்லை. மேற்கே சுவாமிமலை, கிழக்கே திருபுவனம், தென்கிழக்கே நாச்சியார்கோயில், வடக்கே அணைக்கரை. அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். கொரோனா ஊரடங்கு மாதங்களில் இ-பாஸ் இல்லாமல் போலீஸ் விடவில்லை. எத்தனையோ முறை பயணிகளை ஏற்றிக்கொண்டு போன கங்கைகொண்டசோழபுரம் எனக்கு வெளிநாடாகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். ஷார்ஜாவில் பாதிச் சம்பளத்தோடு ஒரே அறையில் கிடக்கிற உனக்கு ஊர்ச் சமாச்சாரமாவது ஆகும்.

வருஷம் பிறந்தபோது எல்லாம் அமோகமாகத்தான் இருந்தது. பிப்ரவரி 5-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் குடமுழுக்கு, 23 வருஷத்துக்குப் பிறகு. அன்றைக்கு அங்கே நின்ற கூட்டத்தில் செருப்பைத் தொலைக்காதவன் பாக்கியசாலி. மார்ச் கடைசிவரை என் டைரியில் காலி நாளே இல்லை. பிறகு மார்ச் 13-ல் சுற்றுலா விசாவை நிறுத்தினார்கள். அப்போது நான் ஒரு பிரெஞ்சுக் குழுவோடு செட்டிநாட்டுப் பக்கம் இருந்தேன். ஏற்கெனவே பணம் கட்டியிருந்த விடுதியில் வாசலோடு நிறுத்தி, வெள்ளைக்காரர்கள் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். வண்டியிலேயே தயிர்சாதம் சாப்பிட வைத்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினோம். கைகொடுக்கலாமா, கும்பிடலாமா என்று தெரியாமல் அவர்களும் நின்றார்கள், நானும் நின்றேன்.

கைடு தொழில் என்பது ஐப்பசியிலிருந்து மாசி வரை சம்பாதித்து, மிச்ச மாதங்களுக்கு அதையே வைத்துச் சாப்பிடுவது. போன சீசனின் வால் அறுந்தது. இந்த சீசன் தலையே காட்டவில்லை. வைகாசிக்குள் கையிருப்பு தீர்ந்தது. வீட்டுக்காரி தையல் மிஷினைத் திண்ணைப் பக்கம் நகர்த்திப் போட்டு முகக்கவசம் தைக்க ஆரம்பித்தாள். ரவிக்கைக்கு லைனிங் கொடுத்து மீந்த துணி, பழைய வேட்டி, எது கிடைத்தாலும். நான் நாடா கோத்துக் கொடுப்பேன். அவள் சம்பாத்தியத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்ட மாதங்கள் அவை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாடாவை ஒழுங்கான அளவில் வெட்டத் தெரியவில்லை என்று மட்டும் தினமும் திட்டினாள்.

நம்ம வண்டி டிரைவரை உனக்குத் தெரியுமே, இரண்டு முறை உன்னை ஏர்போர்ட்டில் விட்டவர். அவருக்கு டெம்போ டிராவலர் கடன். ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று அறிவித்தார்கள், வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. ஒருநாள் ஸ்பானரோடு வந்து வண்டி சீட்டையெல்லாம் கழற்றி எங்கள் கூடத்தில் அடுக்கினார். "காய்கறி ஓட்டப் போறேன் சார், கூட வர்றீங்களா?" என்றார். விடிவதற்கு முன்னாலேயே தாராசுரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுவோம். தக்காளிப் பெட்டியைத் தோளில் வைத்தால் சட்டை நனைவது, முட்டைக்கோசை அடியில் போட்டுக் கீரையை மேலே வைப்பது, எடை போடும்போது வாங்குபவர் கண் எங்கே இருக்கும் என்பது, எல்லாம் அவரிடம் கற்றேன். ராஜராஜனைப் பற்றிப் பேசிப் பழகிய கை மைக்கில் "கத்திரிக்கா, வெண்டக்கா, அவரக்கா" என்று கூவினேன். முதல் தெருவில் குரல் வரவில்லை. மூன்றாவது தெருவில் ராகம் போட ஆரம்பித்துவிட்டேன்.

மாப்ளே, இந்தப் பயணத்தைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். இத்தனை வருஷம் பயணிகளை நான் கூட்டிப்போனது பெரிய தெருவும் பெரிய கோபுரமும்தான். பட்டு என்றால் கடைக்கு, விக்கிரகம் என்றால் ஷோரூமுக்கு. காய்கறி வண்டிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, சந்து சந்தாக நுழையும். திருபுவனத்தில் சௌராஷ்டிரர் தெருவில் நுழைந்த அன்று தறிச் சத்தமே இல்லை. பெங்களூரிலிருந்து பட்டு வரவில்லை, சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை. ஒரு அம்மா கால்கிலோ தக்காளி வாங்கிவிட்டு உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். குழித்தறியில் பாதி நெய்த புடவை, ஜரிகை தீர்ந்த இடத்தில் அப்படியே நிற்கிறது. மேலே தூசி படாமல் பழைய வேட்டி போர்த்தியிருந்தார்கள். "அறுக்கவும் மனசு வரல, முடிக்கவும் வழியில்ல" என்றார். ஐந்தே வார்த்தையில் அந்த வருஷத்தையே சொல்லிவிட்டது போலிருந்தது. அவர் சொன்னது புடவையை மட்டும்தான்.

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி வீடு. ஏற்றுமதி நின்று ஆர்டர் ஒன்றும் இல்லை. ஆனாலும் மனுஷர் வேலை செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகைச் சூடு காட்டி, இழுத்து, கிள்ளி, ஒரு கையைச் செய்தார். தென்னங்கீற்று ஓலையை நறுக்கி மடித்து அதுதான் அளவுகோல். ஒரு மடிப்பு முகம், அதில் பங்கு போட்டால் விரல். செய்து முடித்த கையை இளகாமலிருக்கப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஏகப்பட்ட கைகள். அபயம் காட்டுகிற கை, பூவைப் பிடிக்கிற கை, வெறுமனே தொங்குகிற கை. அந்த மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைத்துச் சுட்டால் மெழுகு வெளியே ஓடிவிடும், வெற்றிடத்தில் உலோகம் போகும். இதை நான் பிரெஞ்சில் மூச்சு விடாமல் சொல்வேன். ஆனால் அன்றைக்கு உலோகம் வாங்கக் காசில்லை என்றார். "அப்புறம் எதுக்குங்க செய்றீங்க?" என்று கேட்டேன். "மெழுகு வீணாப் போனா உருக்கி மறுபடி பிடிச்சுக்கலாம் தம்பி. கை மறந்துட்டா என்ன பண்றது?" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். நல்ல வருமானம் இருந்த காலத்தில் திறக்காத புத்தகம். இப்போது அந்த மொழியில் சரளமாகச் சண்டையே போடுவேன்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு குறித்த தேதியில் திறப்பு. 16-ஆம் தேதி கல்லணை. பஸ் இல்லை, ரயில் இல்லை, தண்ணீர் மட்டும் யாரிடமும் பாஸ் கேட்காமல் புறப்பட்டு வந்தது. நம்ம படித்துறைக்கு வந்த அன்று நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக முன்னே ஓடி வர, வறண்ட மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். முகக்கவசம் போட்ட கிழவிகள் பூவும் நெல்லும் தூவினார்கள். ஆனால் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. ஆற்றங்கரைக்குப் போக முடியாது. அம்மா அசரவில்லை. கொல்லையில் இருக்கிற அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, காதோலை கருகமணி சாத்தி, காப்பரிசி படைத்துவிட்டாள். "பூமிக்கடியில ஓடுறதும் அவதான்டா" என்றாள். நிலத்தடி நீர் நிபுணர் எவரும் மறுக்க முடியாத வாதம்.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. சித்திரை வெயிலில் தெருப் பெருக்க வந்த நகராட்சி அம்மாவை நிறுத்தி நீர்மோர் கொடுத்தாள், வீட்டு டம்ளரில். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா வாங்கத் தயங்கினார். "குடிம்மா, ஊரே கதவச் சாத்திக்கிட்டு கெடக்குறப்ப நீதானே வர்ற" என்றாள். எழுபது வயசுக்கு மேல் ஒருத்தி மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்கு முன்னால் நான் கற்றுக்கொண்ட பிரெஞ்சு எல்லாம் எம்மாத்திரம்.

இதைப் படித்துவிட்டு, "கொரோனா நமக்கு நல்ல பாடம் கத்துக்கொடுத்துச்சு" என்று எழுதிவிடாதே. வாட்ஸ்அப்பில் அந்த வசனம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம்ம மேலத்தெரு நாதஸ்வரக்காரர் ஆவணியில் போய்விட்டார். வைகாசி முகூர்த்தம் முழுக்க வாத்தியம் உறையிலேயே இருந்தது. கடைசியில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்த மனுஷர் வாசிப்பு இல்லாமல் போனார். அவர் வீட்டில் போய் இது பாடம் என்று சொல்ல முடியுமா? நோய்க்கு நான் எந்த நன்றியும் சொல்வதாக இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு முகம் இருக்கிறது, சில பேருக்குப் பாக்கியும் இருக்கிறது.

பாக்கி என்றால் அண்ணாச்சி கடைதான். சித்திரையிலிருந்து என் பேரில் தனிப் பக்கம் போட்டு எழுதினார். அரிசி, துவரம்பருப்பு, அம்மாவின் முட்டி வலித் தைலம்வரை. ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியதில்லை. ஆடியில் கொஞ்சம் பணத்தோடு போய் நின்றேன். "இது இருக்கட்டும் சார், மொதல்ல பாப்பாவுக்கு நெட் கார்டு போடுங்க. கிளாஸ் போகுதுல்ல" என்றார். பத்தாவது பரீட்சையை ரத்து செய்து எல்லாரும் பாஸ் என்றுவிட்டார்கள் அல்லவா, இப்போது மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு முழுக்க என் போனில்தான் நடக்கிறது. கழற்றி வைத்த வண்டி சீட்டில் சாய்ந்துகொண்டு கெமிஸ்ட்ரி படிக்கிறாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்பார் போல இருக்கும்.

செப்டம்பர் 1-ல் கோயில்களைத் திறந்தார்கள். சாயங்கால வெயிலில் தாராசுரம் போனேன், பேசிக் காட்ட ஆளில்லாமல் தனியாக. யானையும் காளையும் ஒரே தலையில் தெரிகிற சிற்பத்தைக் கடந்து, கருவறைச் சுவரின் அடியில் வரிசையாக ஓடும் அந்தச் சின்னச் சிற்பங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாயன்மார் கதைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவுதான் இருக்கும். குழு இருந்தால் அங்கே குனிய நேரமிருக்காது, மதியச் சாப்பாடு ஆறிவிடும். அவிநாசி முதலை, விழுங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியைத் தேடிப் பிடித்தேன். எண்ணூறு வருஷத்துக்கு மேல் மழையில் நனைந்தும் முதலையின் வாய் இன்னும் தெளிவாகத் திறந்திருக்கிறது. விளக்கு ஏற்றுகிற நேரம்வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

நிவர் புயல் நம்மை விட்டுவிட்டு மரக்காணம் பக்கம் போனது. பின்னாலேயே வந்த புரெவி மழையில் டெல்டாவில் சம்பா பயிர் முங்கிவிட்டது. எங்கள் காய்கறி விலையும் ஏறியது, திட்டும் நாங்களே வாங்கினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது, இந்த சீசனின் முதல் போணி. முதலையைத்தான் முதலில் காட்டினேன். அவர்கள் பையன் குப்புறப் படுத்துப் பார்த்தான். யானை-காளையைக் கடைசியில், அவர்களாகக் கேட்ட பிறகு காட்டினேன். டிரைவர் அதைக் கேள்விப்பட்டு, சீட்டைத் திரும்ப மாட்டிடலாமா என்கிறார். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் லோடு அடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சிக்கல்தான். ஜன்னலோரத்து புஷ்பேக் சீட்டில் சாய்ந்து தூங்கினால் முட்டி வலி இல்லையாம். அது ஒன்றை மட்டும் தர மாட்டேன் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். புது சீட்டு என்ன விலை ஆகும் என்று டிரைவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் மாப்ளே