புங்க மரப் பாலம்

பெயரிலேயே ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வானத்தைப் பார்க்கும் ஊர் எங்கள் மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் சீமையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணனை வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை சரியாக விழுந்தால் பருத்தியும் மல்லியும் சோளமும் உண்டு. விழாவிட்டால் சீமைக் கருவேலும் கடனும் உண்டு. நான் உபாத்தியாயனாக வேலை பார்ப்பது பஸ்ஸில் போய் வரவேண்டிய தூரத்திலுள்ள வேறோர் ஊரில். அந்தப் பஸ் பிரயாணத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அது என்ன என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

2025 நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் ஏழாம் வகுப்பில் விஜயநகர ராஜ்யத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்த ராஜ்யத்தின் காலத்தில் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு ஜனங்களைப் பற்றிச் சொன்னேன். கடைசி பெஞ்சியில் இருந்த பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, “டேய், உன்னைத்தான்டா சார் சொல்றாரு, வந்தேறி!” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. இடி வாங்கிய பையன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தில் இருந்த ஹம்பிக் கோயில் படத்தைப் பேனாவினால் தீட்டித் தீட்டிக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான்.

“பேசாமல் உட்கார்” என்று சொல்லிவிட்டு மேலே பாடத்தை நடத்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்றிரவு பத்திரிகையைப் புரட்டியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. மணிப்பூர், மிஜோரம் மலைகளில் வசிக்கும் ஜனங்களில் ஒரு பகுதியார், சுமார் 5,800 பேர், 2030-ஆம் ஆண்டுக்குள் இஸ்ரேல் தேசத்துக்குக் குடிபோவதற்கு அந்நாட்டு சர்க்கார் தீர்மானம் செய்திருக்கிறது. அவர்களுக்கு முன்பே ஏறக்குறைய 5,000 பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ‘பினே மெனாஷே’, அதாவது மனாசேயின் மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். இரண்டாயிரத்தெழுநூறு வருஷங்களுக்கு முன் காணாமற்போன ஒரு கோத்திரம் தாங்களே என்பது அவர்களுடைய நம்பிக்கை.

விவிலியம் படிக்காத நேயர்களுக்கு இந்த விருத்தாந்தத்தைச் சொல்லவேண்டும். நான் படித்தது பாதிரிமார் ஏற்படுத்திய ஒரு பள்ளிக்கூடத்தில். ஆகையால் வீட்டில் பெருமாளும் பள்ளியில் எசேக்கியேலுமாக வளர்ந்தவன் நான். இஸ்ரவேலர் பன்னிரண்டு கோத்திரத்தார். சாலொமோன் ராஜாவுக்குப் பிறகு அவர்களுடைய ராஜ்யம் இரண்டாய்ப் பிளந்தது. வடக்கே பத்துக் கோத்திரங்கள் சேர்ந்து இஸ்ரவேல் என்றும், தெற்கே மற்றவர்கள் யூதா என்றும் ஆனார்கள். கி.மு. 722-ல் அசீரியர்கள் வடராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவைப் பிடித்து, ஜனங்களைச் சிறைப்படுத்தித் தூரதேசங்களில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அப்படிக் கொண்டுபோனவர்கள் 27,000-க்குச் சற்று மேற்பட்டவர்கள் என்று ஸார்கோன் என்ற அசீரிய அரசனின் சாஸனமே கணக்குச் சொல்லுகிறது. போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் சிதறிய ஜனங்கள் ஒருநாள் நாலு திசைகளிலிருந்தும் ஒன்றுசேர்க்கப்படுவார்கள் என்று தீர்க்கதரிசிகள் எழுதிவைத்தார்கள். எசேக்கியேல் இரண்டு கோல்களை எடுத்து ஒரே கோலாகச் சேர்த்துக் காட்டுகிறார்.

சரித்திரக்காரர்கள் இதில் மர்மம் ஒன்றும் இல்லை என்பார்கள். சிறைப்பட்டவர்கள் போன இடத்து ஜனங்களோடு கலந்துபோனார்கள். பலர் சிறைப்படாமல் ஊரிலேயே தங்கினார்கள். சிலர் தெற்கே யூதாவுக்கு ஓடினார்கள். சரித்திரத்தில் பி.ஏ. பட்டம் வாங்கிய எனக்கும் அதுவே அபிப்பிராயம். ஆனால் காணாமற்போனவர்களைப் பற்றி “கலந்துபோனார்கள்” என்று சொன்னால் திருப்தியடைகிறவர்கள் உலகத்தில் குறைவு.

மலைநாட்டாரின் கதைக்கு வருகிறேன். அவர்களுடைய பழைய பாடல்களிலும் பிரார்த்தனைகளிலும் ‘மன்மாசி’ என்று ஒரு மூதாதை வருகிறான். ஹ்மார் என்ற பிரிவினர் சிக்புய் என்னும் அறுவடைப் பண்டிகையில் பாடும் பாட்டு ஒன்றில், முன்னோர்கள் ஒரு பெரிய செங்கடலைத் தாண்டியதும், பகைவரைத் தண்ணீர் விழுங்கியதும் சொல்லப்படுகின்றனவாம். மன்மாசியே மனாசே என்று கொண்டார்கள். 1951-ல் மிஜோ மலையிலுள்ள புவல்லாவன் கிராமத்தில் சாலா என்பவர், தம் ஜனங்கள் இஸ்ரவேலின் பிள்ளைகள், சொந்த தேசத்துக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு தரிசனம் கண்டார். அதிலிருந்து விஷயம் வளர்ந்தது. ஜெருசலேமிலிருந்து அவிஹைல் என்ற யூத குரு வந்து விசாரித்தார். 2005-ல் இஸ்ரேலின் தலைமைக் குருக்களில் ஒருவரான ஷ்லோமோ அமார் இவர்கள் இஸ்ரவேலின் வித்து என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாலும், முறைப்படி மதம் மாறித்தான் சேரவேண்டும் என்று நிபந்தனை உண்டு. தந்தை வீட்டுக்கே போகிற பிள்ளை வாசலில் சீட்டுக் காட்டவேண்டியிருக்கிறது!

ஆட்சேபம் இல்லாமல் இல்லை. அந்த மலைகளுக்குப் பாதிரிமார் போனது 1894-ல். செங்கடல் கதை பாட்டில் அதற்கு முன்பே இருந்ததா, பின்னால் நுழைந்ததா என்று யார் சொல்வது? இரத்தப் பரிசோதனைகளும் அவர்களை மேற்கு ஆசியாவோடு திருப்தியாக இணைத்துக் காட்டவில்லை. இதையெல்லாம் எண்ணிக்கொண்டே பத்திரிகையை மடித்தபோதுதான், எங்கள் அவ்வாவின் குரல் காதில் விழுந்ததுபோல் இருந்தது. தகப்பனாரைப் பெற்ற பாட்டியை எங்கள் வீட்டில் அவ்வா என்று அழைப்போம். எங்கள் வீட்டுப் பாஷை தெலுங்கு.

அவ்வாவின் கதை இதுதான். வடக்கே ஓர் அரசன் எங்கள் குலத்துப் பெண் ஒருத்தியைப் பலவந்தமாகக் கேட்டான். கொடுக்க மனமில்லாத பெரியவர்கள் வீட்டில் விளக்கை ஏற்றியபடி வைத்துவிட்டு, கன்றுகாலிகளோடு இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டார்கள். விடிந்தபோது எதிரே கரைபுரண்டு ஓடும் ஆறு. பின்னே குதிரைப் படையின் புழுதி. எல்லோரும் தெய்வத்தை அழைத்தார்கள். இரண்டு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து, கிளையோடு கிளை கோத்துப் பாலமாயின. கடைசிக் கன்றுக்குட்டி தாண்டியதும் மரங்கள் நிமிர்ந்துகொண்டன.

“எந்த ஆறு, அவ்வா? துங்கபத்திரையா, கிருஷ்ணாவா?” என்று நான் கேட்பேன்.

“ஆத்துக்குப் பேர் வச்சு என்னடா செய்யப்போறே? தாண்டினோம்” என்பாள்.

மழை காணாத கரிசலில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளம் புரண்ட ஆற்றை அவள் கண்ணால் பார்த்தவள்போலவே வர்ணிப்பாள். புங்கங் குச்சியை ஒடித்து யாராவது பல் துலக்கினால் அன்று வீட்டில் சண்டைதான். இந்தக் கதை எங்கள் குடும்பச் சொத்து என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். பிறகு பார்த்தால், தர்ஸ்டன் துரை 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய புத்தகத்தில் தொட்டியர் முதலான ஜனங்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள். கோவில்பட்டிக் கரிசல்காரரான ஸ்ரீ கி. ராஜநாராயணன் 1976-ல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலில் இப்படிப்பட்ட ஒரு பயணத்தை எழுதியிருக்கிறார். கடல் பிளந்தவர்களுக்கும் மரம் வளைந்தவர்களுக்கும் இரத்த சம்பந்தம் கற்பிக்க நான் முயலவில்லை. ஓடி வந்தவர்களுக்கு எந்த தேசத்திலும் ஒரு தண்ணீர் குறுக்கிடும்போலும்.

இந்தத் தீர்க்கதரிசனங்களை வலியவர்கள் எடுத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை இங்கே சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. ஜான் வில்ஸன் என்பவர் 1840-ல் ஒரு புத்தகம் போட்டு, காணாமற்போன இஸ்ரவேலர் வேறு யாருமல்ல, ஆங்கிலேயர்தான் என்று ஸ்தாபித்தார்! அவருக்குப் பின் வந்தவர்கள் எப்பிராயீம் கோத்திரத்தை இங்கிலாந்துக்கும், மனாசேயை அமெரிக்காவுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தார்கள். ஆபிரகாமின் சந்ததியார் பகைவரின் வாசல்களைச் சுதந்தரிப்பார்கள் என்று ஆதியாகமத்தில் வருகிறதல்லவா? ஜிப்ரால்டர், சூயஸ், சிங்கப்பூர் இவையே அந்த வாசல்கள் என்றார்கள். நம்மை அடக்கி ஆண்டதற்குக் கடவுளின் கையெழுத்திட்ட பட்டயம்! 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வாசல் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1956-ல் எகிப்து சூயஸை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு மனாசே மணிப்பூரிலும், எப்பிராயீம் குண்டூர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆம், அங்கே தெலுங்கு பேசும் ஒரு சிறு கூட்டத்தார் தாங்கள் எப்பிராயீமின் மக்கள் என்று சொல்லி, 1990-களின் துவக்கத்தில் ஒரு ஜெபாலயமும் கட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்துக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, 1990 வாக்கில், ஒரு பிரசங்கியார் பெரிய சீலைப் படத்தை மாட்டிப் பிரம்பால் தட்டித் தட்டி விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். பத்துக் கொம்புள்ள மிருகம் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள். கோகு என்பது ருஷியா. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் பள்ளி நூல்நிலையத்தில் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து நாடுகளை எண்ணினேன். 1981-ல் கிரீஸ் சேர்ந்தபோது பத்து என்பது சரிதான். ஆனால் 1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து கொம்பு பன்னிரண்டாகிவிட்டது! அடுத்த ஆண்டே சோவியத் ருஷியாவும் கலைந்தது. நான் சரித்திரம் படிக்கப் போனதற்கு அந்த இரண்டு உபரிக் கொம்புகளும் ஒரு காரணம்.

ஆங்கிலேயருடைய கற்பனையைப் பார்த்துச் சிரித்ததுபோல் மலைநாட்டாரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலகத்தில் அவர்களில் பலர் வீடிழந்தார்கள், ஜெபாலயங்களும் எரிந்தன. பிறந்த மண்ணில் வீடு எரிகிறபோது, வேறொரு மண் தங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நம்புகிறவனிடம் போய் அத்தாட்சி கேட்பது எப்படி?

கொச்சியின் நினைவும் வந்தது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர அரசன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளைக் கொடுத்த செப்பேடு, வட்டெழுத்தில், நம் தமிழில் இருக்கிறது. வந்தவர்களுக்குப் பல்லக்கும் குடையும் கொடுத்த தமிழ் அது. அதே கொச்சியில் பின்னால் வந்தவர்கள் 1568-ல் கட்டிய ஜெபாலயத்துக்குப் பெயரே பரதேசி ஜெபாலயம். அந்தப் பரதேசிகள் பழைய குடிகளான மலபார் யூதர்களைக் கறுப்பர் என்று ஒதுக்கினார்கள். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியாரைச் சமமாக உட்காரவும் விடவில்லை. அந்தச் சந்ததியில் பிறந்த வக்கீல் ஸ்ரீ ஆபிரகாம் பாராக் ஸாலெம், காந்தியடிகளின் வழியில் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 1929-ல் லாகூர்க் காங்கிரஸுக்குப் போய் வந்தவர். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றவர். அவருடைய போராட்டத்தினால் தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. 1948-ல் இஸ்ரேல் ஏற்பட்டதும் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். யார் முதலில் வந்தவர் என்ற வழக்குக்குக் கடைசியில் வாதிகளே இல்லை.

இவ்வளவு படித்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு நாள், அவ்வா கம்பு மாவு உருண்டையைத் தூக்குப் போகணியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் நின்று தெலுங்கில் என் பெயரைச் சொல்லி உரக்க அழைத்தாள். நண்பர்கள் “யாரடா அது?” என்றார்கள். “எங்கள் ஊர்க்காரப் பாட்டி” என்றேன். அவள் காதில் அது விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் வேற்றார் இருக்கும் இடத்தில் அவள் என்னிடம் தமிழிலேயே பேசினாள். இறந்துபோகும் வரையில் அப்படித்தான். பஸ் பிரயாணத்தில் ஒரு சௌகரியம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்: நான் வேலை பார்க்கும் ஊரில் என் வீட்டுப் பாஷை ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் ஏழாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. புங்க மரக் கதையைச் சொன்னேன். செங்கடலையும், மலைநாட்டாரின் பாட்டையும், ஸ்ரீ ஸாலெமையும் சொன்னேன். வந்தேறி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. பையன்கள் ஆறு எவ்வளவு அகலம், மரம் எப்படி ஒடியாமல் தாங்கியது என்று விவகாரம் செய்தார்கள். ஹம்பிப் படத்தைக் கறுப்பாக்கியவன் மட்டும் வாய் திறக்கவில்லை. மணி அடித்து எல்லோரும் எழுந்தபோது மேஜை அருகில் வந்து நின்றான்.

“சார், இந்தக் கதை எங்க அவ்வாவுக்கும் தெரியும்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்க வீட்லயும் தெலுங்கா சார்?” என்றான்.

கடைசி பெஞ்சிப் பையன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவுன்ரா” என்றேன், இருவர் காதிலும் விழும்படியாக.