பழைய வண்டி

பழனிமலையின் கீழ்மலைப் பகுதியில், பாச்சலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், மலைவாழை பயிரிடும் உழவர் ஒருவர் இருந்தார். அவருடைய தோட்டத்து வாழை, 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி இனம். சுவையில் சிறந்தது, ஆனால், பழுக்கத் தொடங்கிய தார் எவருக்காகவும் காத்திராது. வடகாட்டின் வழியே மலையிறங்கி ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கு அதனைக் கொண்டு செல்ல அவர் வாடகை வண்டியையே நம்பியிருந்தார். வண்டி வாராத நாளில் தார்கள் தோட்டத்திலேயே கறுத்தன. வந்த நாளிலோ விலையில் ஒரு பங்கை வாடகை விழுங்கிற்று.

2021-ஆம் ஆண்டில், சொந்தமாகச் சிறு சரக்கு வண்டியொன்று வாங்க அவர் துணிந்தார். உறவினர் யாவரும் புதிய வண்டியையே வாங்குமாறு கூறினர். அதன் விலையோ பத்து இலட்சத்தை நெருங்கிற்று. ஐந்தாண்டுத் தவணையும், ஈடாக நிலப் பத்திரமும் வேண்டும். முடிக்கொத்து நோய் ஒருமுறை புகுந்தால் வாழைத் தோட்டம் முழுவதையும் வெட்டி எரிக்க நேரிடும் என்பதை அவர் கண்கூடாக அறிந்தவர். நோய்க்குத் தவணை நாள் தெரியுமா? பழையவற்றைக் கைவிடுதல் பிழையாகாது என்பது நன்னூலார் கருத்து. ஆயினும், அவர் கருதியது சொற்களையேயன்றி வண்டிகளையன்று.

ஒட்டன்சத்திரத்தில் பதினேழு ஆண்டு ஓடிய டாட்டா 207 வண்டியொன்று விலைக்கு நின்றது. உழவர் தம்முடன் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றார். அம்முதியவர் வண்ணத்தையோ இருக்கையையோ ஏறிட்டும் பார்த்தாரில்லை. தரையில் சாக்கை விரித்து, வண்டியின் அடியிற் புகுந்து, சேசிஸ் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். பின்பு எந்திரத்தை முடுக்கச் செய்து புகையை நோக்கினார். கரும்புகை எரிபொருள் மிகுதியையும், நீலப்புகை எந்திர எண்ணெய் எரிதலையும் காட்டும். அன்று வந்தது நீலப்புகை. “தம்பி, உடம்பு நல்ல உடம்பு, நெஞ்சில்தான் நோய். நெஞ்சை மாற்றலாம், உடம்பை மாற்ற முடியாது, வாங்கலாம்” என்றார் முதியவர். விலை 1,40,000 ரூபாய் என முடிந்தது.

பட்டறை வேலை இரண்டு மாதம் நடந்தது. லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவை புதிதாயின. கிராங்க் தண்டு லேத் பட்டறையில் 0.25 மில்லிமீட்டர் தேய்த்துச் சீராக்கப்பட்டது. நாசில்கள் சோதிக்கப்பட்டன, தளர்ந்திருந்த பட்டைகளுள் ஒடிந்தவை நீக்கப்பட்டன. எலி கடித்த மின்கம்பிகளை எண்ணி மாளாது. ஊரார் ஏளனத்திற்கு அஞ்சிய உழவர், முதலில் வண்ணம் பூசிவிடலாமே என்றார். முதியவர் உடன்படவில்லை. வண்ணத்திற்கு உரிய பணத்தைப் பிரேக்கிற்குச் செலவிடச் செய்தார். ஆயினும், கையிருப்புக் குறையவே, பிரேக் ஆயிலை மட்டும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என உழவர் தடுத்துவிட்டார். கலம் நிறைந்துதானே இருக்கிறது என்பது அவர் வாதம். தகுதிச் சான்றும் கிடைத்தது.

ஒரு நாள் விடியலில் வாழைத்தார்களை நிறைய ஏற்றிக்கொண்டு அவர் மலையிறங்கினார். அருகில் அவருடைய மகன் அமர்ந்திருந்தான். நேரமாயிற்று என்னும் பதற்றத்தில் மேல் கியரிலேயே, பிரேக்கை மிதித்தவாறே வந்தார். கொண்டை ஊசி வளைவு ஒன்றை அணுகியபோது, மிதி எதிர்ப்பின்றித் தரைவரை இறங்கிற்று. வண்டி நிற்கவில்லை! ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். அவர் இரண்டாம் கியருக்கும், உடனே முதற் கியருக்கும் மாற்றிக் கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்கரையில் வண்டியை உராயவிட்டார். முப்பது அடி தேய்ந்து வண்டி நின்றது. தார்கள் சில சிதறின. மகனுக்கு ஒரு கீறலும் இல்லை.

அரைமணி கழித்து மிதித்தபோது மிதி முன்போல் உறுதியாக இருந்தது! உழவர் திகைத்தார். காரணத்தை முதியவரே பின்னர் விளக்கினார். ஆயில் என்று பெயர் பெற்றிருப்பினும் அஃது எண்ணெயன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் நீர்மம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவியாகும். நீர்மம் அழுத்தத்திற்கு ஒடுங்காது, ஆவியோ ஒடுங்கும். ஆகவே, காலின் விசை சக்கரத்தைச் சென்று சேராது. குளிர்ந்தபின் ஆவி மீண்டும் நீர்மமாகும், குற்றம் மறைந்துகொள்ளும்.

“சில நூறு ரூபாய்க்காகப் பிள்ளையைப் பணயம் வைத்தாயே, தம்பி” என்றார் முதியவர். உழவர் மறுமொழி கூறவில்லை.

புதிய வண்டி புகை குறைவாகக் கக்கும். காவற் கருவிகளும் அதில் மிகுதி. இதனை அவரும் மறுப்பதில்லை. ஆண்டுதோறும் பழைய வண்டிக்குத் தகுதிச் சான்று பெறவேண்டும். பதினைந்து ஆண்டு கடந்தவற்றிற்கு அதன் கட்டணமும் 2022 ஏப்ரலில் உயர்ந்துவிட்டது. எனினும், நிலப் பத்திரம் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

வண்டிக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை. கதவின் உட்புறத்தில் மட்டும், பிரேக் ஆயில் மாற்றிய நாள் மஞ்சள் எழுத்தில் எழுதப்பட்டுள்ளது. அதை எழுதியவன் மகன்.